எரியிழப்பு

அண்ணன் அர்த்தநாரி சாதி என்று சொல்லவில்லை.
நன்றாகக் கவனித்தேன்,
ஒருமுறைகூடச் சொல்லவில்லை.
"ஃப்ரீக்வென்சி சேராதும்மா" என்றான்.

தட்டுவடை செட்டின் பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்த
ஒற்றை விரலால் காற்றில் அலை வரைந்தான்.
ஒன்று நம்முடையது.
மற்றது நாகலூர்ப் பையனுடையது.
நம்முடைய அலை கொஞ்சம் மேலே இருந்தது.

"எல்லாமே அதிர்வுதான்னு சயின்ஸே சொல்லுது.
நீ லேப்ல இருக்கறவ, உனக்குத் தெரியாததா?"

இருபத்தாறு வருடமாக
மாமாங்கத்தில் வெள்ளைக்கல் பொடிக்கிறேன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு கிராம் எடுத்து, ஆயிரம் டிகிரியில் வைத்து,
ஆறவிட்டு, திரும்ப எடை போடுவது.
பாதி காற்றாகப் போயிருக்கும்.
போனதற்குப் பெயர் எரியிழப்பு.
பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு.

"நம்ம மண்ணுலயே காந்தம் இருக்குது.
மேக்னசைட். பேர்லயே இருக்குதில்ல!
அந்த இழுப்புல பொறந்தவங்க நாம.
அவன் காப்பி மண்ணு."

ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தைப் பிடுங்கி
(மாம்பழ வடிவம், ஏதோ ஜவுளிக்கடை கொடுத்தது)
கைப்பையில் கிடந்த வெள்ளைக்கல்லில் வைத்தேன்.
விழுந்தது.
மறுபடி வைத்தேன்.
மேசைக்கடியில் உருண்டு போனது.
"அது சூட்சும காந்தம். கண்ணுக்குச் சிக்காது."

குரோட்டன்ஸ் தொட்டியில் கஞ்சமலைக் கருங்கல் ஒன்று.
அண்ணனே எடுத்து வைத்துப் பார்த்தான்.
ஒட்டிக்கொண்டது.
அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஒரே துருவம் விலக்கும், வேற துருவம்தான் இழுக்கும்.
உன் கணக்குப்படியே பார்த்தாலும்
இந்தக் கல்யாணம் நடக்கணும்ண்ணா" என்றேன்.

"அதெல்லாம் இரும்புக்கு. மனுசங்க வேற."

உள்ளே அண்ணி சிரித்து,
அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

ஐந்து ரோட்டில் பஸ் நின்றபோது
என்மேல் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
குரங்குச்சாவடி வருவதற்குள் அது போய்விட்டது.

நான்கு வருடம் முன்பு, மேட்டூரிலிருந்து
மெய்வேல் ஒரு கடிதம் போட்டார்.
பிரிந்தபின் அவர் எழுதிய ஒரே கடிதம்.
காலை எடுத்துவிட்டார்கள், ஒருமுறை வந்து போ.
போகலையாக்கா என்று கேட்டாள் ஜெபமணி, உலைக்கு முன்னால் நின்று.
நான் இரண்டாம் விதி சொன்னேன்.
கலைந்தது தானாகச் சேராது ஜெபமணி,
அண்டமே அப்படித்தான்.
அவள் பெரிதாகத் தலையாட்டினாள்.
சயின்ஸ் என்றால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

மூடிய அமைப்புக்குத்தான் அந்த விதி.
மூடியது யார் என்று விதி கேட்பதில்லை.

இரவு கோகிலவாணி மலைப்பாதையிலிருந்து கூப்பிட்டாள்.
பதினோராவது கொண்டை ஊசியில் வண்டியை நிறுத்தியிருக்கிறார்களாம்,
கீழே சேலம் முழுக்க விளக்காம்.
"அத்தை, ஃப்ரீக்வென்சிக்கு அலகு என்ன?"
"ஹெர்ட்ஸ்."
"அப்பா எத்தனை ஹெர்ட்ஸாம்?"
பின்னால் அந்தப் பையன் சிரிக்கிறான்.
நானும் சிரித்தேன்.
"சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேணும்,
நீ வருவ..." என்றபோது
சிக்னல் போய்விட்டது.

காலையில் உலையைத் திறந்து மூசையை எடுத்தேன்.
சூட்டோடு தராசில் வைக்கக் கூடாது,
இருப்பதைவிடக் குறைத்துக் காட்டும்.
உலர்கலத்தில் வைத்து மூடி,
காத்திருக்கும் நேரத்தில்
விடுப்புக்கு எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
என்னவோ பெரிய வார்த்தை வரப் பார்த்தது.
அடித்துவிட்டு
சொந்த வேலை என்று போட்டேன்.

இரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.
ஒன்று எதற்கென்று தெரியும்.